ஒரே பெட்டியில் இரண்டு விளக்கு

நன்னிலம் மெயின் ரோட்டில் வயரிங் கடை வைத்திருக்கும் அறிவுச்செல்வனுக்கு வாய் கொஞ்சம் நீளம். பின்னால் லைட் இல்லாமல் ஒரு டிராக்டர் டிரெய்லர் போனால் போதும், வழிமறித்துத் திட்டுவான். "பின்னாடி வர்றவன் என்ன ஆந்தையா?" என்பான். பிரேக் இன்ஸ்பெக்டர் எதைப் பார்ப்பார், எதற்குத் திருப்பி அனுப்புவார் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. கூலிக்கு நாற்று நட்ட காத்தானின் மகன் சட்டம் பேசுகிறானே என்று முகம் சுளித்தவர்களும் வண்டிக்குத் தகுதிச் சான்றான எஃப்.சி. எடுக்க வேண்டி வந்தால் அவனிடம்தான் வந்தார்கள்.

அப்படித்தான் வைரக்கண்ணுவும் புரட்டாசியில் தன் டிரெய்லரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவருக்கு நிலமும் உண்டு, அவசரமும் உண்டு. பின்விளக்கு வேறு, பக்கவிளக்கு வேறு என்று தனித்தனியாக மாட்டினால் ஒரு நாள் ஆகும்.

"ரெண்டும் ஒரே பெட்டியில வருதுங்க. பின்னாலேருந்தும் தெரியணும், பக்கத்துலேருந்தும் தெரியணும். ரெண்டு வேலையும் ஒழுங்கா செஞ்சா சட்டம் ஒத்துக்கும்" என்றான் அறிவு. மூலைக்கு ஒன்றாக மாட்டினான். எஃப்.சி. ஒரே தடவையில் கிடைத்துவிட்டது. அதில் அவனுக்குப் பெருமை வேறு.

மாசியில், அறுவடை முடிந்த சமயம், இருட்டு கட்டும் வேளையில் கடைக்கு நூறடி தள்ளி டமாரென்று சத்தம் கேட்டது. ஓடினான். வைரக்கண்ணுவின் டிரெய்லர் வைக்கோல் பாரத்தோடு நின்றது. கட்டாத வைக்கோல் வழிந்து பின்மூலை இரண்டையும் மூடியிருந்தது. வாய்க்கால் கரைப் பாதையிலிருந்து மெயின் ரோட்டுக்குத் திரும்பிய பைக் ஒன்று ஒரு மூலையில் செருகிக் கிடந்தது. ஆளை வெளியே எடுக்க அறிவு இரண்டு கையாலும் வைக்கோலைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தான். உள்ளேயிருந்து அவன் மாட்டிய விளக்கு பளிச்சென்று சிவப்பாய் எரிந்தது. அந்த வெளிச்சத்தில்தான் முகத்தைப் பார்த்தான். தங்கை சுடர்விழியின் புருஷன் வீரையன். உயிர் இல்லை.

அதற்குப் பிறகுதான் போலீஸ் வந்து போட்டோ எடுத்தது. போட்டோவில் விளக்கு ஜம்மென்று எரிந்தது. மறுநாள் காலி டிரெய்லரைச் சோதித்த பிரேக் இன்ஸ்பெக்டரும் விளக்குகள் விதிப்படி உள்ளன என்று எழுதிக் கொடுத்தார். பொய்யொன்றும் இல்லையே.

"எனக்கு வேற எதுவும் வேணாண்ணே. கண்ணு மண்ணு தெரியாம ஓட்டிச் செத்தாருன்னு மட்டும் எழுதிறக் கூடாது. அவரு அப்படி ஓட்ற ஆளே இல்ல" என்றாள் சுடர்விழி. அறிவு சாட்சிக் கூண்டில் ஏறினான்.

"லைட் எரிஞ்சுதா?" என்று கேட்டார் வைரக்கண்ணுவின் வக்கீல்.

"எரிஞ்சுதுங்க. ஆனா வைக்கோல் மூடியிருந்துச்சு."

"போட்டோவுல வைக்கோலைக் காணோமே?"

"நான்தாங்க பிடுங்கிப் போட்டேன்."

"செத்தவருக்கு நீங்க என்ன முறை?"

"மச்சான்."

"அந்த லைட்டை மாட்டினது யாரு?"

"நான்தாங்க."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் கேட்க அவருக்கு என்ன இருக்கிறது? தவறு வீரையன்மேல் என்றே தீர்ப்பானது.

கோர்ட் வாசலில் சுடர்விழி அவன் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள். "நீ மாட்டுன லைட்டுன்னு எங்கிட்ட ஏண்ணே சொல்லல?" பக்கவிளக்கைத் தனியாக, பக்கப் பலகையின் நடுவில் மாட்டியிருந்தால் கரைப் பாதையில் வந்தவன் கண்ணில் அதுவாவது பட்டிருக்கும் என்று எந்த வாயால் சொல்வான்? அவள் தனியாக பஸ் ஏறிப் போனாள். அதன் பிறகு அவன் வீட்டு வாசப்படி மிதிக்கவில்லை. அவனும் ரோட்டில் யாரையும் வழிமறிப்பதில்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒரு சித்திரையில் வைரக்கண்ணு இன்னொரு டிரெய்லரோடு வந்தார். அறிவின் தோளில் கை வைத்தார். அந்தக் கையில் நிஜமாகவே நன்றி இருந்தது. அதுதான் கொடுமை.

"உன் லைட்டுதான் தம்பி என்னைக் காப்பாத்துச்சு. இதுக்கும் அதையே மாட்டிக் குடு."

"தனித்தனியா மாட்டிக்கங்க. பக்கத்து லைட்டு பக்கப் பலகை நடுவுல இருக்கட்டும்."

"ஏன், சட்டத்துக்கு அந்த ஒரே பெட்டி போதாதா?"

அறிவு அந்த டிரெய்லரின் வெறும் மூலையைப் பார்த்தான்.

"போதுங்க" என்றான்.