ஸ்கொட்லாந்து வங்கியாளரும் நானும்

புறநகர் எபினேயிலிருந்து கார் து நோர் நிலையத்துக்கு வரும் காலை ரயிலில் நான் ஒரு ஸ்கொட்லாந்துக்காரரின் வாழ்க்கையை வாசித்துக்கொண்டிருந்தேன். பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்து கிடந்த பிரெஞ்சுப் புத்தகம். அமெரிக்கா புது நாடாக இருந்த காலத்தில் கப்பலேறிப் போய், துணிக்கடையில் எழுத்தராக நின்று, கடைசியில் வங்கி முதலாளியானவர் அவர். நானும் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு வங்கிக் கிளையில் வேலை செய்கிறவன். ஆனாலும் அவர் எப்படி முதலாளியானார் என்பதைவிட, எந்த ஊர், அங்கிருந்து யார் யாரைப் பிறகு தன்னிடம் கூப்பிட்டு எடுத்தார் என்று அறியத்தான் பக்கங்களைப் புரட்டினேன். நம்மவர் புத்தி வேறெங்கே போகும்?

ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். அவருடைய ஊர் மீனவர் ஒருவர் வங்கிக்கு வந்தாராம். இவர் ஊர்ப்பேச்சை மறைத்து, கனவான்களின் ஆங்கிலத்திலேயே பேசி அனுப்பிவிட்டாராம். மீனவர் கண்டுபிடித்தாரா? புத்தகம் சொல்லவில்லை. எனக்கோ அதை அறியாமல் இருப்புக்கொள்ளவில்லை.

காரணம், நானும் அதே கள்ளன்தான். முன்பு இருந்த கிளையில் ஒருவரிடம் தமிழில் பேசப்போய், ஒரு கிழமைக்குள் என் தொலைபேசி இலக்கம் ஊரெல்லாம் பரவிவிட்டது. கடையில் வெண்டிக்காயை முறித்துப் பார்க்கும்போதும் பக்கத்தில் நின்று வீட்டுக் கடன் கேட்டார்கள். இந்தக் கிளைக்கு மாறியபோது இலக்கத்தை மாற்றினேன், வேலையில் தமிழையும் விட்டேன். சட்டையில் குத்தியிருக்கும் ஞானஸ்நானப் பெயரைப் பார்த்து தமிழ் தெரியாத மொரீசியஸ்காரன் என்று நினைப்பார்கள் என நம்பியிருந்தேன்.

அந்தப் புத்தகத்தை வாசித்த கிழமையே வில்லியே லே பெல்லிலிருந்து ஒரு பெண் கணக்குத் திறக்க வந்தார். அவர் காட்டிய கடிதத்தின்படி துப்புரவு வேலை கிடைத்திருந்தது. மாலைக்குள் வங்கிக் கணக்கு விவரம் கொடுக்காவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். சித்தி வீட்டில் தங்கியிருந்தார். முகவரிக்குச் சான்றாகச் சித்தியின் மின்சாரச் சிட்டை இருந்தது, இவர் தன்னுடன்தான் இருக்கிறார் என்று சித்தி ஒப்பமிட்ட கடிதம் இல்லை. பிரெஞ்சில் இரண்டு தரம் சொன்னேன். “வுய், வுய்” என்று ஆமோதித்தபடி கடதாசிகளைப் பையில் வைத்து எழும்பினார். ஒரு சொல்லும் விளங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

“அக்கா, இருங்கோ” என்றேன்.

கடிதத்தில் என்ன எழுத வேண்டும் என்று தமிழில் சொன்னேன். உடனே சித்தியைத் தொலைபேசியில் அழைத்தார். சற்று நேரத்தில் கடிதத்தின் படம் கைபேசிக்கு வந்தது. கணக்கைத் திறந்து விவரத்தாளைக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தி, எனக்குத் தமிழ் தெரியும் என்று வெளியில் சொல்ல வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டேன்.

“நான் சொல்லமாட்டன் தம்பி. ஆனா எல்லாருக்கும் தெரியும். ஞாயிறு தமிழ்ப் பூசையிலை நீங்கள்தானே வாசகம் வாசிக்கிறனீங்கள். இஞ்சை தமிழ் கதைக்க உங்களுக்கு விருப்பமில்லையாக்கும் எண்டுதான் நாங்கள் ஒருத்தரும் கதைக்கிறேல்லை.”

அவர் போய்விட்டார். இத்தனை காலமும் என்னைச் சங்கடப்படுத்தக்கூடாதென்று, விளங்காமலே தலையாட்டிவிட்டு எழும்பிப் போனவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. எனக்கு வெட்கமாக இருந்தது.