பச்சைப் பொட்டு

அந்தச் சாக்லேட் உறை இன்னும் என்னிடம் இருக்கிறது. நாலாக மடித்து ரேஷன் கார்டுக்குள் வைத்திருக்கிறேன். எதற்கும் உதவாது. தூக்கி எறியவும் மனம் வரவில்லை.

செம்பூரில் நான் சமைத்த வீட்டு மேடம் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழ் அம்மாள். சேர்ந்த அன்றே சொன்னார். "பாக்கெட்ல பச்சைப் பொட்டு இருந்தா வாங்கு. இல்லேன்னா தொடாதே." நான் ஊரில் ஐந்தாவது வரை தமிழ் படித்தவள். இங்கிலீஷ் தெரியாது. பொட்டுப் பார்க்கப் படிப்பு வேண்டாம். நாலு வருஷம் அப்படியே வாங்கினேன். பிறகு மேடம் வீகன் ஆனார். பால், தயிர், நெய், தேன் எல்லாம் போனது. டீக்குக்கூட முந்திரிப் பால். பொட்டைப் பற்றி மட்டும் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு மதியம் அவருடைய வீகன் சிநேகிதிகள் வந்தார்கள். தேங்காய்ப் பாலில் கேக் செய்து, கறுப்புச் சாக்லேட் வாங்கி உருக்கி மேலே ஊற்றியிருந்தேன். ஒருத்தி உறையைத் திருப்பிப் படித்தாள். "இதுல பால் இருக்கே" என்று தட்டைத் தள்ளினாள்.

"பச்சைப் பொட்டு இருக்கே மேடம்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

"பச்சைன்னா கறி, முட்டை இல்லேன்னு அர்த்தம். பால் இல்லேன்னு யார் சொன்னா?" என்றார் மேடம்.

"இருக்கும்னு நீங்களும் சொல்லலியே."

அது அந்தம்மாவைச் சுட்டுவிட்டது. சிநேகிதிகளிடம் திரும்பி, "வேணும்னே பண்ணிருக்கா. நான் பாலை விட்டதே இவளுக்குப் பிடிக்கலை. இன்னொரு தடவை நடந்தா வேற ஆள்தான்" என்றார். படிக்காதவள் என்றிருந்தால் பொறுத்திருப்பேன். அது உண்மை. வேணும்னே என்றது பொய். அந்த உறையை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன்.

தாராவியில் எங்கள் சந்து மளிகைக்கடை பாய் திருநெல்வேலிப் பக்கம். உறையை நீட்டினேன். "பொட்டப் பாத்து எடுக்கதுக்கு இது என்ன பொண்ணு பாக்கப் போனதாக்கும்? பொறத்தால பாக்கணும்லா தாயி" என்று சிரித்தார். பேனாவால் நாலு இங்கிலீஷ் எழுத்தைச் சுற்றி வட்டம் போட்டார். "இதான் பால். மனசுல வச்சுக்கோ." ராத்திரி முழுக்க அதையே பார்த்தேன்.

மறுநாள் மேடம் தனக்கென்று வைத்திருந்த சாக்லேட்டை எடுத்தேன். தானே பார்த்து வாங்கியது. தினமும் சாப்பாட்டுக்குப் பின் ஒரு துண்டு. பின்பக்கம் திருப்பினேன். அதே நாலு எழுத்து.

சாப்பாட்டு மேசையில் அவர் முன்னால் எழுத்துத் தெரிய வைத்தேன். "இதுலயும் பால் இருக்கு மேடம். நீங்களும் வேணும்னேதான் தின்னீங்களா?"

எடுத்துப் படித்தார். முகம் மாறியது. "வெளியே போ" என்றார். வீட்டுச் சாவியைச் சாக்லேட் மேலேயே வைத்துவிட்டு இறங்கினேன்.

இப்போது வடாலாவில் வேலை. இந்த வீட்டில் எல்லாம் தின்பார்கள். யாரும் கேட்பதில்லை. ஆனாலும் எதை வாங்கினாலும் பின்பக்கம் திருப்பிப் பார்க்கிறேன். அந்தம்மாவை நான் மன்னிக்கவில்லை. உறையில் மடிப்பு விழுந்த இடத்தில் பச்சைப் பொட்டு தேய்ந்துவிட்டது. பாய் போட்ட வட்டம் அப்படியே இருக்கிறது.