மேசை தட்டாத கை

விடைத்தாள் திருத்தும் முகாமில் கைப்பேசியை அணைத்து வைக்க வேண்டும். அன்று நான் மறந்திருந்தேன். ஒரு தாளைப் பாதி திருத்தியிருக்கும்போது மணி அடித்தது. வேலம்மாள் அக்காவின் தம்பி, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து. “மேடம், அக்கா போயிட்டா. காப்பி போட்டு எழுப்பப் போனேன், எந்திரிக்கல” என்றார். முகாம் அதிகாரி என்னை முறைத்தார். முறைக்கட்டும் என்று சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இந்த நினைவு மலரைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அக்காவிடம் கணக்குப் படித்தவர்கள். இராஜபாளையத்தில் நம் கல்லூரி வகுப்பறையில் அவர் எப்படி இருந்தார் என்று நீங்களே எழுதுவீர்கள். நான் வணிகவியல் நடத்துகிறவள். எனக்குத் தெரிந்த அக்கா வேறொரு இடத்தில் இருந்தார். பாடத்திட்டம், தேர்வு, வருகைப்பதிவு எல்லாவற்றுக்கும் விதி செய்கிற பல்கலைக்கழகக் கல்விப் பேரவைக்கு, கல்லூரி ஆசிரியர்கள் ஓட்டுப் போட்டு எங்கள் இருவரையும் அனுப்பியிருந்தார்கள். கூட்டத்தன்று விடிகாலையில் பஸ் பிடிப்போம். ஜன்னலோரத்தை அக்கா யாருக்கும் விட்டுத் தரமாட்டார், எனக்குக்கூட.

அந்தப் பேரவையில் ஒரு வழக்கம் உண்டு. பதிவாளர் கூட்ட நிரலிலிருந்து ஒரு பொருளை வாசிப்பார். உறுப்பினர்கள் மேசையைத் தட்டுவார்கள். நிறைவேறியது என்று எழுதிக்கொள்வார்கள். நாங்கள் போன முதல் கூட்டத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பதிவாளர் பக்கம் மாறிப்போய்க் காலையில் நிறைவேற்றிய ஒரு புதிய பாடத்தையே மறுபடியும் வாசித்தார். சபை மறுபடியும் தட்டியது. சாப்பாடு அப்படி! அக்கா எழுந்தார். “ஐயா, இதைக் காலையிலயே தட்டியாச்சு. ரெண்டு தரம் தட்டினதால பாடத்தையும் ரெண்டு தரம் நடத்தணுமா?” என்றார். துணைவேந்தரே சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. “கையைத் தூக்கச் சொல்லுங்க. கை தூக்கணும்னா எதுக்குத் தூக்குறோம்னு ஒரு தடவை யோசிப்போம்” என்றார். அன்றிலிருந்து அவர் மேசையைத் தட்டி நான் பார்த்ததே இல்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, ஓட்டு என்றால் மட்டும் தூக்குவார்.

இன்னொரு கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஒரு பெரியவரின் பெயரைக் கூட்ட அரங்குக்கு வைக்கலாம் என்றார்கள். அக்கா எதிர்த்துக் கை தூக்கினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த மனிதர் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் சண்டை பிடித்தேன். “நல்ல மனுசன்தாம்ட்டி. நான் இல்லைங்கல. பேரு வச்சாச்சுன்னா பொறவு அந்த ரூம்ல அவரு சொன்னத எதுத்துப் பேச எவனுக்கு வாய் வரும்?” என்றார். அந்தச் சண்டையில் நான் ஜெயிக்கவில்லை. ஜன்னலோரமும் கிடைக்கவில்லை.

இனி எழுதப்போவது எனக்கு இன்றும் கசப்பானது.

கற்பகம் என்று எனக்கொரு மாணவி. சேத்தூர்க்காரி, இறுதியாண்டு. விடியற்காலையில் ஒரு பேண்டேஜ் துணி யூனிட்டில் வேலை செய்துவிட்டு, தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிக்கொண்டே வகுப்புக்கு ஓடி வருவாள். முதல் மணி நேரம் எப்போதும் போய்விடும். இப்படிப்பட்ட பிள்ளைகளின் வருகைக் குறைவைக் கல்லூரி மன்னித்துத் தேர்வெழுத அனுமதித்துக்கொண்டிருந்தது. அந்த அதிகாரத்தைக் கல்லூரிகளிடமிருந்து எடுத்துவிட வேண்டும் என்று ஒரு பொருள் பேரவைக்கு வந்தது. அது நிறைவேறினால் கற்பகம் தேர்வெழுத முடியாது. பட்டம் இல்லையென்றால் அந்த ஆண்டு போலீஸ் எஸ்.ஐ. தேர்வுக்கும் போக முடியாது. அவள் வீடே அந்தத் தேர்வை நம்பித்தான் இருந்தது.

தேநீர் இடைவேளையில் துணைவேந்தர் எங்களை ஓரமாகக் கூப்பிட்டார். நல்ல மனதோடுதான் சொன்னார். “உங்க கல்லூரிக்கு மட்டும் நான் விலக்கு கொடுத்துடறேன். உள்ளே விவாதம் வேண்டாமே” என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அக்கா கும்பிட்டுவிட்டு, “வேண்டாங்கய்யா. நீங்க குடுத்தா அடுத்து வர்றவர் எடுப்பாரு. மத்த கல்லூரிப் பிள்ளைக என்ன பாவம் செஞ்சுச்சு? சபை முடிவு பண்ணட்டும்” என்றார்.

சபை முடிவு பண்ணியது. நாங்கள் தோற்றோம்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் கத்தினேன். “ஒங்க கொள்கைக்கு அந்தப் பிள்ளையா கெடச்சா?” என்று கேட்டேன். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். “சபையில தோத்தாலும் அது நம்ம முடிவுதாம்ட்டி. மாத்தணும்னா அதே சபையிலதான் மாத்தணும்” என்று மட்டும் சொன்னார். கிருஷ்ணன்கோவில் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் இறங்கும்போது நான் போய்வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. கற்பகம் அந்தப் பருவம் தேர்வெழுதவில்லை.

அடுத்த ஓராண்டு அக்கா செய்ததை நான் தள்ளி நின்றுதான் பார்த்தேன். சனி, ஞாயிறு என்றால் பஸ் ஏறிவிடுவார். எங்களுக்கு எதிராகக் கை தூக்கிய ஒவ்வொருவரின் கல்லூரிக்கும் வீட்டுக்கும் போனார். கெஞ்சவில்லை. “ஒங்க வகுப்புல முதல் மணிக்கு வராத பிள்ளை எங்க இருந்து வருதுன்னு ஒரு தடவ கேட்டுப் பாருங்க” என்று சொல்லிவிட்டு, கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வந்துவிடுவாராம். ஆண்டு முடிவில் வந்த கூட்டத்தில், அந்த விதியை மாற்ற அவரே ஒரு பொருள் கொண்டுவந்தார். கைகள் எழுந்தன. முன்பு எதிர்த்தவர்களில் ஒருவர் முதல் ஆளாகத் தூக்கினார். மன்னிக்கும் அதிகாரம் எல்லாக் கல்லூரிகளுக்கும் திரும்பி வந்தது.

பிறகு துணைவேந்தர் மாறினார். வந்தவர் ஒரு சுற்றறிக்கை போட்டுப் பழைய விதியைக் கொண்டுவரப் பார்த்தார். பேரவைத் தீர்மானத்தைச் சுற்றறிக்கையால் மாற்ற முடியாது என்று அவருடைய அதிகாரிகளே சொல்லிவிட்டார்கள். பேரவையில் வைத்தார், தோற்றார். அக்கா சொன்னது பலித்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. ஆனாலும் கற்பகத்துக்குப் போன வருடம் போனதுதானே? என் கோபம் முக்கால்வாசிதான் ஆறியிருக்கிறது. மீதியை நான் ஆற்றிக்கொள்வதாகவும் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்காவை எடுக்கும் நேரத்தில், காக்கி உடுப்போடு ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கற்பகம்! மறுவருடம் பட்டம் வாங்கி, பிறகு ஒருமுறை தவறி, அதற்கடுத்துத் தேர்வாகி எஸ்.ஐ. ஆனவள். மாலையை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“மேடம், நான் பரிச்ச எழுத முடியாமப் போன மறுநாளே அவிய எங்க வீட்டுக்கு வந்தாவ. ஒங்களுக்குத் தெரியுமா?”

எனக்குத் தெரியாது.

“எங்கம்மாகிட்ட, ‘ஒங்க பிள்ளைக்கு ஒரு வருசம் போனது என்னாலதான். ஒருத்தரு தாரேன்னாரு, நான்தான் வேண்டான்னேன்’னு சொன்னாவ. எங்கம்மா ஏசு ஏசுன்னு ஏசிட்டா. செத்த நேரம் அப்படியே உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான் போனாவ. வேலைக்குச் சேந்த பொறவு நானே போயி, ‘நீங்க செஞ்சத நான் இன்னும் ஒத்துக்கல’ன்னு சொன்னேன் மேடம்.”

“அதுக்கு என்ன சொன்னாவ?”

“‘ஒத்துக்காதட்டி. எனக்காக ஒத்துக்கிட்டேன்னா பொறவு ஒங்கிட்டப் பேசவே மாட்டேன்’னாவ.”

சொல்லிவிட்டு அந்த எஸ்.ஐ. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதாள். நானும்தான்.

போன வாரம் கல்லூரியில் இரங்கல் கூட்டம். ஆளுக்கு ஆள் உருகிப் பேசினார்கள். கடைசியில் முதல்வர் எழுந்து, நம் கூட்ட அரங்குக்கு வேலம்மாள் பெயரை வைக்கலாம் என்று அறிவித்தார். எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். இரங்கல் கூட்டம் என்பதுகூட மறந்துபோய் அப்படித் தட்டினார்கள்.

நான் எழுந்தேன். “கையைத் தூக்கச் சொல்லுங்கள் சார்” என்றேன்.

முதல்வர் திகைத்தாலும் கேட்டுவிட்டார். அத்தனை கைகளும் எழுந்தன. என் கையும்தான். என் மனதில் அந்தப் பெயருக்கு எந்த மறுப்பும் இல்லை. பிறகு முதல்வர் பேச்சுக்காக, “எதிர்ப்பவர்கள்?” என்று கேட்டுவிட்டு உட்காரப் போனார்.

மறுபடியும் கை தூக்கினேன்.

“நீங்க இப்பத்தானே ஆதரவுன்னீங்க மேடம்?”

“அது என் ஓட்டு சார். இது அக்காவோடது. அவர் இருந்திருந்தால் தூக்கியிருப்பார். எழுதிக்கொள்ளுங்கள்.”

யாரும் சிரிக்கவில்லை. விதிப்படி அது செல்லாது என்று எனக்கும் தெரியும், முதல்வருக்கும் தெரியும். அவர் பேனாவைத் திறந்தார். பிறகு குனிந்து எழுதினார்: ஒருவர் எதிர்ப்பு.