பின்னால் ஏரி இருக்கிறதா

முன்னாள் ராணுவத்தினருக்கு உதவும் எங்கள் தன்னார்வக் குழுவுக்கு என்னைத் தலைவியாக்கிய காரணம், எனக்கு அதற்கான எந்தத் தகுதியும் இல்லை என்பதுதான். அதை அவர்களே எழுந்து நின்று சொன்னார்கள், கைதட்டலும் கிடைத்தது. ராணுவத்தில் இருந்த ஒருவரைத் தலைவராக்கினால், அவரைவிட ஒரு பதவி மேலே இருந்தவர் கூட்டத்துக்கு வரமாட்டார். ஒரு பதவி கீழே இருந்தவர் வந்தாலும் உட்காரமாட்டார். "அதனால மிலிட்டரி வாசனையே படாத ஆளா தேடுனோம். மேடம் கவிதை எழுதுறாங்க," என்றார் ஒருவர். அதற்குமேல் விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை.

அன்று செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கூட்டம் நடந்த அந்த டியூஷன் சென்டருக்குள் நான் மழைக்கு ஒதுங்கத்தான் போயிருந்தேன். என் வாழ்க்கையின் பெரிய முடிவுகள் எல்லாமே மழைக்கு ஒதுங்கிய இடங்களில் நடந்தவை, திருமணம் உட்பட.

வருடம் முழுக்க அலைந்தேன். ஆஸ்பத்திரி வரிசையில் நின்றேன். தாலுகா ஆபீஸ் மரத்தடியில் நின்றேன். பென்ஷன் வராத பெண்களோடு வங்கி வாசலில் நின்றேன். தொண்டு என்பது நிற்பது என்று உட்கார்ந்து எழுதுகிற எனக்குக் கால்கள்தான் புரியவைத்தன. நான் எழுதிய முதல் மனுவில் எப்படியோ ஒரு நிலா வந்துவிட்டது. அதை எடுத்துவிட்டுக் கொண்டுவரச் சொன்னார்கள் ஆபீஸில். கூட்டம் ஒன்பது மணிக்கு என்றால் எட்டரைக்கே எல்லோரும் ஆஜர். நான் ஒன்பதுக்குச் சரியாக நுழையும்போது, தலைவர் நேரத்துக்கு வரவேண்டும் என்று தீர்மானம் போட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டிருப்பார்கள்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். ஹவில்தாரின் கண்களைத்தான் சமாளிக்க முடியவில்லை.

அவருக்கு ஊர் சிங்கவரம். ராணுவத்தில் லாரி ஓட்டியவர். இப்போது ஒரு மொபெட் வைத்திருந்தார். இரண்டு கண்ணிலும் புரை. கண் முகாமுக்கு வந்த டாக்டர், இனியும் தள்ளிப்போட்டால் பார்வை திரும்பாது என்று சொல்லிவிட்டார். ஹவில்தாரோ தினமும் அந்த மொபெட்டில், காதை மட்டும் நம்பி, செஞ்சி கடைத்தெருவுக்கு வந்துபோனார்.

அவர் மனைவி ஒருநாள் என்னைத் தேடி வந்தார்.

"நீதானம்மா தலைவி? அவருக்குக் கண்ணு தெரில. கேட்டா ஒத்துக்க மாட்டன்றாரு. நேத்து துணிக்கட வாசல்ல நிக்கிற பொம்மைகிட்ட, ஓரமா நில்லும்மான்னு சண்ட போட்டுனு இருந்தாராம். ஒரு நா பஸ்ஸுல போயி வுட்டுக்கப் போறாரு. அப்புறம் நான் யார்கிட்ட சண்ட போடுவேன்?"

மறுநாளே சிங்கவரம் போனேன். ஹவில்தார் பிளாஸ்டிக் நாற்காலியிலும் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு எல்லாம் தெளிவா தெரியுது மேடம். அதோ பாருங்க, கோட்டை."

விரல் சரியாக மலையைத்தான் காட்டியது. ஆனால் எங்கள் ஊரில் கண்ணைக் கட்டிவிட்டாலும் யாரும் அதைக் காட்டிவிடுவார்கள். நான் கையை நீட்டினேன். "இது எத்தினி விரல்?"

"வண்டி ஓட்றவன் விரலயா பாப்பான்? ரோட்டத்தான் பாப்பான்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ரோட்ட பாத்துதான் அங்க காய வச்சிருந்த மல்லாட்டை மேல வண்டிய ஏத்துனாரு. கேளும்மா அதையும்." வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று பெயர்.

நான் என்னிடம் இருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன். ஒளியைப் பற்றிப் பேசினேன். விடியலில் நெல்நாற்றின் நுனியில் வெளிச்சம் எப்படி உட்காருகிறது, வெயில் சாயும்போது மலைப்பாறைகள் எப்படிச் சூடான அப்பத்தின் நிறத்துக்கு வருகின்றன என்றெல்லாம். அவர் அசையாமல் கேட்டார்.

"நல்லா இருந்துச்சி மேடம். ஆனா ஆர்டர் இல்லியே."

"நான்தான தலைவி? நான் சொல்றேன், வாங்க."

"நீங்க சிவிலியன் மேடம்." பால்குடி மறக்காத குழந்தையிடம் பேசும் மென்மை அந்தக் குரலில் இருந்தது. "சர்வீஸ்ல உடம்பு சரியில்லன்னு நானா போயி நின்னதே கெடியாது. மேல இருக்கிறவங்க போன்னா போவேன். நானா போயி படுக்க மாட்டேன்."

எங்கள் குழுவில் அவருக்கு மேலே இருந்தவர் ஒருவர்தான்: தளவானூர் சுபேதார். இருவருக்கும் பல வருடமாகப் பேச்சு இல்லை. காரணம், ஓர் ஏரி.

நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குச் சமைத்த சாப்பாட்டை ஏற்றிக்கொண்டு ஹவில்தார் ஒரு வேனில் வந்தார். ஏரிக்கரையில் வண்டியைத் திருப்பவேண்டும். சுபேதார் கீழே நின்று, "வா, வா, வா" என்று கை காட்டினார். ஹவில்தார் பின்னால் வந்தார். சாம்பார் அண்டாவோடு வண்டி தண்ணீரில் இறங்கியது. அந்தக் கல்யாணத்தில் முதல் பந்தி மீன்களுக்குத்தான். அதிலிருந்து இருவரும் கூட்டங்களில் ஆளுக்கொரு மூலையில் உட்காருவார்கள். கௌரவப் பிரச்சினை என்று ஊரே நினைத்தது, நானும் உட்பட.

தளவானூரில் சுபேதார் லுங்கியோடு பம்புசெட்டைப் பிரித்துப் போட்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"என் பேச்ச கேப்பானா அவன்?"

"நீங்க சொன்னாதான் கேப்பாராம், சாப்." சாகிப் என்பதன் ராணுவச் சுருக்கம் அது; குழுவில் அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"அதான் பயமா இருக்குது." அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அன்னிக்கி அவனுக்கு வண்டிக் கண்ணாடியில தண்ணி தெரிஞ்சிது மேடம். கரையேறுனதும் அவனே சொன்னான். நான் வான்னேன், வந்தான். அவ்ளோதான். அதுலேர்ந்து அவன ஒக்காருன்னுகூட சொல்ல வாய் வரல. இப்ப கண்ணுல கத்தி வச்சிக்கன்னு சொல்ல சொல்றீங்க. ஏதாச்சும் ஆச்சின்னா?"

என்னிடம் உவமை எதுவும் மிச்சமில்லை. "போவலன்னா பார்வ கண்டிப்பா போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு," என்றேன்.

அவர் எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது இஸ்திரி போட்ட சட்டை, பளபளத்த ஷூ, வாரிய மீசை.

"ஆர்டர் குடுக்கறதுக்கு லுங்கியிலயா போவறது?"

சிங்கவரத்து முற்றத்தில் ஷூ சத்தம் கேட்டதும், வந்தது யாரென்று பார்க்காமலேயே ஹவில்தார் எழுந்து விறைத்து நின்றார். பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது.

"ஹவில்தார். திங்கக்கெழம காலையில ஆறு மணி. பாண்டி, கண் ஆஸ்பத்திரி. ரெடியா இருக்கணும்."

கோழி ஒன்று இருவருக்கும் நடுவே நடந்து போனது.

"சாப்."

"இன்னா?"

"பின்னாடி ஏரி இருக்குதா, சாப்?"

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. சுபேதாரின் மீசை நடுங்கியது, கோபத்திலா சிரிப்பிலா என்று எனக்குத் தெரியவில்லை.

"தெரில. ஆனா இந்த தடவ வெளிய நின்னுகினு கை காட்ட மாட்டேன். வண்டியில ஒன் பக்கத்துல ஒக்காந்துகினு வரேன்."

"அப்ப சரி சாப்."

சொன்னபடியே பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். பல வருட மௌனத்துக்கும் சேர்த்து இருவரும் குழு வேனை ஓட்டிய தம்பிக்கு வழி சொன்னார்கள். திண்டிவனம் வருவதற்குள் அந்தத் தம்பி குழுவிலிருந்து விலகுவதாக என்னிடம் மூன்றாம் முறையாகச் சொல்லிவிட்டான். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறை வாசலில் சுபேதார் நின்றபடியே இருந்தார். நர்ஸ் நாற்காலியைக் காட்டி, "ஒக்காருங்க தாத்தா," என்றாள். "அவன் இன்னும் வெளிய வரலியே," என்றார்.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். ஹவில்தார் ஒற்றைக் கண்ணால் சுபேதாரை வெகுநேரம் பார்த்தார்.

"இன்னா சாப், இப்பிடி கெழவனா ஆயிட்டீங்க?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "மேடத்த இத்தினி நாளும் சின்னப் பொண்ணுன்னு நெனச்சிகினு இருந்தேன்." அதனால்தான் என் சொல்லை அவர் கேட்கவில்லை என்று இன்றுவரை என்னைத் தேற்றிக்கொள்கிறேன்.

அடுத்த கண்ணும் முடிந்தது. போன ஞாயிறு வருடாந்தரக் கூட்டம். நான் ஒன்பதுக்குச் சரியாக நுழைந்தபோது என்னை மறுபடியும் தலைவியாக்கி முடித்திருந்தார்கள். "ஒரு வருஷத்துல மேடம் ஒரு ஆர்டர்கூட போடல," என்பது காரணம். மறுக்கலாம் என்று வாயைத் திறந்தேன். டீயைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

வீடு திரும்ப வேனைச் சந்திலிருந்து பின்னால் எடுக்கவேண்டியிருந்தது. பழக்கத்தில் சுபேதாரின் கை உயர்ந்தது, பாதியில் இறங்கிவிட்டது. கறுப்புக் கண்ணாடியோடு ஹவில்தார் முன்னால் வந்தார். "நீங்க ஏறுங்க சாப். நான் பாத்துக்கறேன்."

சுபேதார் ஏறி, கடைசி சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடினார்.

"வா, வா, வா," என்று வெளியே குரல் கேட்டது.

"பின்னாடி இன்னா தெரியுது மேடம்?"

"கொய்யாப்பழ வண்டி, சாப்."

"தூரமா இருக்குதா?"

நான் பதில் சொல்வதற்குள் வேன் நின்றது. வேனின் பின்கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், கொய்யாக்காரம்மா பழங்களைத் திருப்பித் திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தார். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.