பால் வண்டியைத் துரத்திய ஆந்தை

ராத்திரியில் லாரி ஓட்டுகிறவரிடம் காரணம் கேட்டால், டயர் சூடேறாது, ரோடு காலி, தலைக்கு மேல் வெயில் இல்லை என்று கடகடவென ஒப்பிப்பார். பகலில் ஓட்டுகிறவரைக் கேட்டால், மனுசன் தூங்கத்தான் ராத்திரி என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. அந்தந்த நேரம் தலையில் வந்து விழுந்த பிறகு கண்டுபிடித்த உண்மை.

ஆந்தை என்று லோடு ஆபீஸே அழைக்கும் அந்த ஓட்டுநருக்கு ராத்திரி விழுந்து இருபத்திரண்டு வருடம். டைல்ஸ் தொழிற்சாலையிலிருந்து நகரத்துக் கொடவுனுக்கு ஒரே ரோடு, ஒரே லோடு. அவர் மனைவியின் தம்பியும் அதே ஆபீசில்தான் ஓட்டினான், பகல் வண்டி. வாரம் ஒருநாள் இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தால் சோற்றுக்கு முன்னால் சண்டை வரும்.

"பகல்ல ஓட்றது வண்டியா மச்சான்? ஊர்வலம்."

"உங்களுக்கென்ன மாமா, ரோட்டுல ஒருத்தனும் இல்ல. நான்தான் ராஜான்னு போயிட்டே இருப்பீங்க."

ஒரு வருடமாக அந்த ராஜாவுக்குக் கண்ணில் கோளாறு. எதிரே வரும் விளக்கு இரண்டு நாலாகி, நாலு எட்டாகிக் குட்டி போட்டது. மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. கண் பழுதானவரை ஸ்டீயரிங்கிலிருந்து இறக்கி, யார்டில் தார்ப்பாய் எண்ண வைப்பது ஆபீஸ் வழக்கம். ஏற்கெனவே அங்கே ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்ததாகத் தகவல் இல்லை.

அதனால் ஆந்தை ஒரு வழி கண்டுபிடித்தார். நகரத்துப் பக்கம் நிதானமாகப் போகும் ஒரு லாரியைப் பிடித்து, அதன் பின்னால் எரியும் இரண்டு சிவப்பு விளக்கை விடாமல் தொடர்வது. அது நின்றால் நிற்பது, திரும்பினால் திரும்புவது. முன்னால் போகிறவனுக்குக் கண் தெரிந்தால் போதும் என்பது பெரிய பெரிய அலுவலகங்களிலேயே நடைமுறையில் உள்ள தத்துவம்தான். எட்டு மாதம் பழுதில்லாமல் ஓடியது.

அன்றைக்கு அகப்பட்டது ஒரு பால் டேங்கர். அதன் ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தான். மெதுவாகப் போனால் பின்னால் வரும் லாரியும் மெதுவாக வந்தது. விரட்டினால் விரட்டியது. டீ குடிக்க நின்றான். ஐம்பது அடி தள்ளி அதுவும் நின்றது, ஆனால் ஒருவரும் இறங்கவில்லை. கொள்ளைக்காரன்தான் என்று முடிவு கட்டினான். பாலை எவன் கொள்ளையடிப்பான் என்று பயம் யோசிப்பதில்லை. பறந்தான். அவன் பறக்கப் பறக்க, விளக்கு கைநழுவிவிடுமே என்று ஆந்தையும் பறந்தார். பால் டிப்போவுக்கு ஃபோன் போட்டுவிட்டு அவன் உள்ளே நுழைய, பின்னாலேயே டைல்ஸ் லாரியும் நுழைந்தது. கேட் சாத்தப்பட்டது. கையில் கிடைத்த கழி, ரப்பர் குழாய், கேன் மூடி சகிதம் எட்டுப் பேர் சூழ்ந்துகொண்டார்கள்.

ஆந்தை இறங்கி, கண்ணைக் கசக்கிக்கொண்டு கேட்டார். "இது டைல்ஸ் கொடவுன் இல்லையா?"

"பாத்தா டைல்ஸ் கொடவுன் மாதிரியா இருக்கு?" என்றார் டிப்போ சூப்பர்வைசர்.

திருடன் என்றால் போலீஸ். கண் என்றால் தார்ப்பாய். ஆந்தை நடுவில் ஒரு சந்து தேடினார்.

"கொஞ்சம் கண் அசந்துட்டேங்க."

டேங்கர்காரன் கொதித்தான். "அசந்தாராம்! நான் இண்டிகேட்டர் போட்டா இவரும் போடறாரு சார். இவ்வளவு ஒழுங்காத் தூங்கற ஆள நான் பாத்ததே இல்ல."

சூப்பர்வைசர் போலீசுக்கு நம்பர் அழுத்தினார். ஆந்தை தலையைக் குனிந்துகொண்டார்.

"கண்ணு சரியாத் தெரியல. இவரோட விளக்கப் பிடிச்சுக்கிட்டு வந்தேன்."

சூப்பர்வைசர் ஃபோனை அணைத்தார். டேங்கர்காரன் கழியைக் கீழே போட்டான். "அப்ப மூணு மணி நேரமா என் கண்ணுலதான் ஓட்டிட்டு வந்தீங்களாண்ணே? வாடகை யாரு குடுக்கறது?"

வெளிச்சம் வந்த பிறகுதான் வண்டியை எடுக்க விட்டார்கள். அதற்குள் லோடு ஆபீசுக்குத் தகவல் போய்விட்டது. மேனேஜர் திட்டவில்லை, கண் டாக்டரிடம் அனுப்பினார். கண்ணில் புரை, அறுவைச் சிகிச்சை செய்யும்வரை பகலில் ஓட்டலாம், ராத்திரி கூடவே கூடாது என்று சீட்டு வந்தது.

"பகல் வண்டி ஒரு தடவ தர்றேண்ணே. நாலு மணிக்குள்ள கொடவுன்ல லோடு இறங்கணும். இல்லன்னா யார்டுதான்" என்றார் மேனேஜர்.

பகல் வெளிச்சத்தில் கண் நன்றாகவே தெரிந்தது. தெரிந்ததுதான் தொந்தரவு. இருபத்திரண்டு வருடமாக அவர் அறிந்த ரோடு, ஒரு பெட்ரோல் பங்கின் பச்சை விளக்கும் ஒரு கோபுரத்தின் சிவப்பு விளக்கும்தான். பகலில் இரண்டும் இல்லை. அவை இருந்த இடமெல்லாம் வீடும் மரமும் துணிக்கொடியும் முளைத்திருந்தன. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் ஓரங்கட்டினார். மணி மூன்று. யாரைக் கூப்பிடக் கூடாதோ அவனைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

"மச்சான், ரெண்டு ரோடு பிரியுது. கொடவுனுக்கு எது?"

மறுமுனையில் சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது. "மாமா, உங்க ரோடு மாமா அது!"

"யாரோட ரோடா இருந்தா என்ன? வழியச் சொல்லு."

"ஒரு பெரிய மலை இருக்கா, பாருங்க."

ஆந்தை வலது பக்கம் திரும்பினார். பாறையும் புதருமாக, பாதி வானத்தை அடைத்துக்கொண்டு நின்றது.

"இருக்குடா. இது எப்பலேருந்து இருக்கு?"

"போன வாரம்தான் கொண்டாந்து வச்சாங்க. அத ஒட்டிப் போற ரோட்டப் பிடிங்க மாமா, பேசிட்டு நிக்காதீங்க."

ஆந்தை ஃபோனை வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். கொடவுன் வாசலை அடைந்தபோது நாலாக இருபது நிமிடம் இருந்தது. வாட்ச்மேன் புது ஆளா என்று கேட்டான். ஆமாம் என்றார்.