மாரிமுத்து ஐயாவுக்கு ஒன்று, துரைசானிக்கு ஒன்று

நான் பொய் சொல்லித் தேர்வில் தேறியவள்.

மரணத்தை நெருங்கிவிட்டவரிடம் உண்மையைப் பக்குவமாகச் சொல்லத் தெரிந்தவள் என்று ஒரு வெளிநாட்டுத் தேர்வு வாரியம் எனக்குச் சான்று வழங்கியிருக்கிறது. வலி தணிப்பு மருத்துவத்தில் சிறப்புத் தகுதி. கண்ணாடிச் சட்டமிட்டு என் மருத்துவ அறையில் மாட்டியிருக்கிறேன். எந்த உரையாடலுக்காக அது கிடைத்ததோ, அந்த உரையாடல் நடக்கவே இல்லை!

இதை முதலில் கேட்பவர் நீங்கள்தான். பாதிரியாரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் மன்னித்துவிடுவாரோ என்று பயம்... விசித்திரமாக இருக்கிறதா? எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

நான் எதையும் அதனதன் இடத்தில் வைப்பவள். மழை எப்போது விட்டது என்பதைக்கூட நாட்குறிப்பில் எழுதாமல் படுக்கமாட்டேன். ஆகவே நடந்ததை நடந்த வரிசையிலேயே சொல்லப் பார்க்கிறேன். ஆனால் அந்த வரிசையில்தான் என் குழப்பமே இருக்கிறது.

எழுத்துத் தேர்வு முடிந்திருந்தது. மீதி இருந்தது ஒன்றுதான். நோய் இனிக் குணமாகாது என்பதை ஒரு நோயாளியிடம் நான் சொல்ல வேண்டும். வாரியத்திலிருந்து யாங்கோனுக்கு வரும் தேர்வாளர் அருகில் அமர்ந்து பார்ப்பார். நோயாளி பர்மியராக இருந்தால், உடன் வரும் நர்ஸ் ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்வார். தமிழராக இருந்தால் வேறு ஆள் கிடைக்காது. நானே பேசி, நானே பெயர்த்துச் சொல்லலாம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

என்னிடம் பர்மிய நோயாளிகளே அதிகம். ஆனாலும் நான் தமிழரைத் தேர்ந்தெடுத்தேன். ஏன்? தாய்மொழியில் மனம்விட்டுப் பேசலாம் என்றுதான் அப்போது எண்ணினேன். அப்படி எண்ணியதாகத்தான் இன்றும் நினைக்கிறேன்... அவ்வளவுதானா?

அவர் பெயர் மாரிமுத்து. யாங்கோனின் அலோன் துறைமுகத்தில் வின்ச் என்னும் பளுதூக்கியை ஓட்டி, கப்பல் சரக்கைத் தூக்கி இறக்கியே தலை நரைத்தவர். கல்லீரலில் புற்று. அவர் வலிக்கு நான்தான் மார்ஃபின் கொடுத்துவந்தேன். மாடி ஏறி இறங்க முடியாமல் போன பிறகு, பால்கனியில் நாற்காலி போட்டுக்கொண்டு, தெருவுக்குத் தொங்கும் கயிற்றில் மகள் சந்திரா காய்கறி ஏற்றுவதை மேற்பார்வை பார்ப்பதே அவருக்கு வேலை.

"மேல... மேல... ஏய், மெதுவா புள்ள! முட்டை இருக்கில்ல!"

உள்ளங்கையை விரித்து உயர்த்தினால் தூக்கு. விரல்களை மடக்கி முஷ்டியைக் காட்டினால் நிறுத்து. துறைமுகத்துச் சைகைகளை எனக்கும் விளையாட்டாகக் கற்றுக்கொடுத்தார். டாக்டரம்மா என்பதைப் பர்மிய வழக்கில் 'சயாமா' என்றுதான் அந்த வீட்டில் சொல்வார்கள்.

"விரலை மடக்கினா நிக்கணும் சயாமா. மேல இருந்து அதிகாரி கத்தினாலும் நிக்கணும். இல்லேன்னா கீழ நிக்கிறவன் தலை போயிரும்."

தேர்வு நாளன்று சந்திரா படிக்கட்டிலேயே என்னை மறித்துக்கொண்டாள். "சயாமா, அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. தெரிஞ்சா அன்னிக்கே படுத்துருவாரு." நான் "பாத்துக்கிறேன்மா" என்றேன். அது வாக்கா, மறுப்பா? இரண்டும் இல்லை. இரண்டுமில்லாத சொற்களில் நான் கைதேர்ந்தவள்.

உள்ளே தேர்வாளரைக் கண்டதும் மாரிமுத்து ஐயாவுக்கு ஒரே உற்சாகம். நரைத்த தலையோடு, அமைதியான வெள்ளைக்காரப் பெண் மருத்துவர் அவர். எனக்குப் பரீட்சை வைக்க வருகிறார் என்று மட்டும் ஐயாவிடம் சொல்லியிருந்தேன்.

"துரைசானிக்கு நாற்காலி போடு புள்ள! நம்ம மொஹிங்கா சாப்பிடுவாங்களா? காரம் தாங்காதே, பாவம்!"

பயிற்சியில் சொன்னபடியே தொடங்கினேன். உடம்பைப் பற்றி அவருக்கு என்ன தெரியும், இன்னும் என்ன தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்டேன். அவர் தன்னைப் பற்றிப் பேசவில்லை. மகனைப் பற்றிப் பேசினார்.

"சின்னவன் மலேசியாவுக்குப் போறேங்கிறான். மரச்சாமான் கம்பெனி வேலை. ஏஜெண்டு இந்த வாரமே பதில் கேக்கிறான். இங்கயே இருந்தா இந்த வயசுப் பையனை எப்பப் பட்டாளத்துக்குப் புடிச்சிட்டுப் போவாங்களோன்னு நமக்கும் பயம். ஆனா நான் போன்னு சொன்னாத்தான் போவேன்னு நிக்கிறான். போனா ரெண்டு வருசம். நேராச் சொல்லுங்க சயாமா... அவன் திரும்பி வர்ற வரைக்கும் நான் இருப்பேனா?"

எந்தத் தேர்விலும் இதைவிடத் தெளிவான கேள்வி வராது. விடையும் எனக்குத் தெரியும். அடுத்த மழைக்காலம்வரைகூட அவர் தாங்கமாட்டார்.

அடுக்களை வாசலில் சந்திரா வெந்நீர்க் குடுவையை அணைத்தபடி நின்றாள்.

"இருப்பீங்க ஐயா," என்றேன். "தாராளமா அனுப்புங்க."

அவர் முகம் மலர்ந்தது. தேர்வாளர் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

பிறகு தேர்வாளர் பக்கம் திரும்பினேன். மகன் திரும்பும்வரை உயிரோடு இருப்பேனா என்று கேட்கிறார். இருக்கமாட்டீர்கள், காலம் குறைவு, மகனை அருகிலேயே வைத்துக்கொள்வதென்றால் இப்போதே முடிவு செய்யுங்கள் என்று சொல்லியிருக்கிறேன் என்றேன். ஆங்கிலத்தில். நிதானமாக. குரல் சற்றும் நடுங்கவில்லை! பயிற்சி அப்படி.

மாரிமுத்து ஐயாவின் கண்களில் நீர் வழிந்தது.

யாரும் பேசவில்லை. தேர்வாளர் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். கீழே இறங்கும்போது என் கையைப் பற்றி, அந்த மௌனத்தை நான் கலைக்காமல் விட்டதே பெரிய பண்பு என்றார். நான் தேறிவிட்டேன்.

மறுநாளே போயிருக்கலாம். 'ஐயா, நேற்று நான் சொன்னது சரியில்லை' என்று தொடங்கியிருக்கலாம். ஏன் போகவில்லை? சந்திராவுக்காகவா? சான்று கைக்கு வரட்டும் என்றா? அந்த வாரம் முழுவதும் மற்ற நோயாளிகளை ஒருவர் விடாமல் பார்த்தேன். அலோனுக்கு மட்டும் போகவில்லை. மருந்தை ஆள் மூலம் அனுப்பினேன்.

வார முடிவில் சின்னவன் விமானம் ஏறிவிட்டான்.

அதன் பிறகுதான் போனேன். பால்கனிக்கு வர முடியாமல் கட்டிலோடு கிடந்தார்.

"துரைசானி பாஸ் போட்டாங்களா?"

"போட்டாங்கய்யா."

"நல்லதாப் போச்சு. அவனும் மலேசியா போய் எறங்கிட்டான். ரெண்டு பேரும் கரையேறிட்டீங்க."

"ஐயா, அன்னிக்கு நான் உங்ககிட்ட..."

போர்வைக்குள்ளிருந்து அவர் கை மெல்ல எழுந்தது. விரல்கள் முஷ்டியாக மடங்கியிருந்தன.

நான் நிறுத்திவிட்டேன்.

வலியில் மடங்கிய கையா அது? வெறும் இழுப்பா? அல்லது எனக்குக் காட்டிய சைகையா? கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை, மார்ஃபின் அளவைச் சரிபார்த்துவிட்டு எழுந்துவிட்டேன். சைகை என்று எடுத்துக்கொள்வது எனக்கு எவ்வளவு வசதி, பாருங்கள்!

மழைக்காலத்துக்கு முன்பே அவர் போய்விட்டார். சின்னவனால் வர முடியவில்லை. அக்காள் பிடித்திருந்த போன் திரையில் அப்பாவின் முகத்தைப் பார்த்து அழுதான்.

காரியம் முடிந்தபின் சந்திரா எனக்குத் தேநீர் கொடுத்தபடி சொன்னாள்: "கடைசிவரைக்கும் அப்பாவுக்குத் தெரியாமலே காப்பாத்திட்டீங்க சயாமா. கும்பிட்டுக்கிறேன்." பிறகு அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். "அப்பா கப்பல் இங்கிலீஷ் பேசி நீங்க கேட்டதில்லையே! சண்டை போடறதுக்குன்னே கத்துக்கிட்டாரு. கப்பல் அதிகாரிங்க வாயடைச்சுப் போவாங்களாம்!"

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

அன்று முதல் அந்த அறையை வரிசைப்படுத்திக்கொண்டே இருக்கிறேன். நான் தமிழில் சொன்னேன், முகம் மலர்ந்தது. ஆங்கிலத்தில் சொன்னேன், கண்ணீர் வந்தது. கண்ணீர் ஆங்கிலத்துக்குப் பிறகுதானே வந்தது? அல்லது, நான் திரும்பிய கணத்திலேயே வரத் தொடங்கிவிட்டதா? அப்போது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தேர்வாளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்!

அவருக்குப் புரியவில்லை என்றால், ஒரு தகப்பனை ஏமாற்றி மகனிடமிருந்து பிரித்தவள் நான்.

புரிந்ததென்றால்... தெரிந்தேதான் மகனைப் போகச் சொன்னார். என்னையும் தேறவிட்டார். பிறகு அந்த உண்மையோடு தனியாகக் கிடந்தார். அந்தத் தனிமையில் ஒருவரையும் விட்டுவிடாமல் இருப்பதற்குத்தானே எங்கள் மருத்துவம் இருக்கிறது? அதற்குத்தானே அந்தச் சான்று?

சின்னவன் இங்கேயே இருந்திருந்தால் அவன் கதி என்னவாகியிருக்கும்? ஒருவேளை என் பொய்தான் அவனைக் காப்பாற்றியதோ? இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் சற்று ஆறுதலாக இருக்கிறது. ஆறுதலாக இருப்பதாலேயே அதை நான் நம்புவதில்லை.

இப்போது இளம் மருத்துவர்கள், உண்மையை எப்படிச் சொல்வதென்று கற்றுக்கொள்ள என்னிடம் வருகிறார்கள். நோயாளியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காதீர்கள் என்கிறேன். குறித்துக்கொள்கிறார்கள்.

நேற்று அந்தத் தெரு வழியே நடந்தேன். கயிறு இன்னும் தொங்குகிறது. பால்கனியிலிருந்து சந்திரா பார்த்துவிட்டாள்.

"மேல வாங்க சயாமா! தம்பி போன்ல இருக்கான். அப்பா பத்தி உங்ககிட்ட என்னமோ கேக்கணுமாம்!"

வருகிறேன் என்று சொல்லத்தான் கையை உயர்த்தினேன். விரல்கள் தாமாகவே மடங்கிக்கொண்டன.

அவசரமாகப் போகிறேன் என்று நினைத்திருப்பாள். தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் அந்தக் கயிற்றின் கீழேயே நின்றுகொண்டிருந்தேன்.