முன்வண்டிக்காரர்

ஒரு மனிதனை வாத்து என்று கூப்பிட்டால் கோபம் வருமா வராதா? இவருக்கு வராது. ஏரிக்கரைப் பாதையில் பேட்டரி சைக்கிளில் இவர் முன்னால் போக, சுற்றிப் பார்க்க வந்தவர்கள் வரிசை கலையாமல் பின்னால் போவதைப் பார்த்து யாரோ வைத்த பெயர் அது. அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது. சைக்கிள் வாடகைக் கடை முதலாளிகூட வாத்து என்றுதான் கூப்பிடுவார். "பேர்ல என்ன இருக்கு, மூழ்காம இருந்தா சரி" என்பார் இவர்.

வரிசையின் வால்பக்கம் இவருடைய தங்கை. யாரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. காலையில் சைக்கிள்களுக்குக் காற்றடித்து, ஹெல்மெட்டுகளைத் துடைத்து வைப்பதும் அவள்தான். அண்ணன் ஏரியைப் பற்றிக் கதை சொல்வார், தங்கை பஞ்சர் ஒட்டுவாள். ஏரியைப் பாதி சுற்றி, மரப்பாலம் தாண்டி, ஆற்றோரமாகவே போய்ப் படகுத்துறையில் இளைப்பாறிவிட்டு, மேட்டுப்பாதை ஏறித் திரும்ப வேண்டும். அந்த மேடு இருக்கிறதே, அது சும்மா ஏறவிடாது. ஆளைப் பிழிந்துவிடும்.

பேட்டரி சைக்கிள் என்றால் சும்மா உட்கார்ந்து போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பெடலை மிதித்தால்தான் மோட்டார் உதவிக்கு வரும். எவ்வளவு உதவி வேண்டும் என்பதை ஒன்றிலிருந்து நாலுவரை பொத்தானில் வைத்துக்கொள்ளலாம். ஒன்றில் வைத்தால் யாரோ ஒற்றை விரலால் முதுகைத் தள்ளுகிற மாதிரி இருக்கும். நாலில் வைத்தால் கோபக்கார மாமா பிடரியைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரி. வருகிறவர்கள் நாலை விட்டு இறங்க மாட்டார்கள். பாதி வழியில் எவருக்காவது பேட்டரி தீர்ந்துபோகும். அதனால்தான் அங்கே ஒரு வழக்கம் உண்டு. முன்வண்டிக்காரர் ஒன்றில்தான் ஓட்ட வேண்டும். எவருக்குத் தீர்ந்தாலும் தன் பேட்டரியைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டு, மிச்ச தூரத்தைத் தன் காலாலேயே மிதித்து வர வேண்டும். "வழி காட்டறவனுக்கு எதுக்குய்யா மோட்டார்? கால் இல்லையா?" என்பார் முதலாளி.

வாத்துக்குக் கால் இருந்தது. ஆனால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுக்கொண்டிருந்தது.

முதலில் வீட்டுப் படியில்தான் தெரிந்தது. டயர் கடைக்கு மேலே இரண்டு அறை வீடு அவர்களுடையது. ஒரு நாள் மாலை ஏறும்போது இடது கால் கட்டைவிரல் படியில் இடித்து, முட்டி போட்டு விழுந்தார். கண் தெரியவில்லை என்று சொல்லிச் சமாளித்தார். அடுத்த வாரம் செருப்பு கழன்று வழியில் கிடந்ததே தெரியாமல் வெறுங்காலோடு சைக்கிள் கடைவரைக்கும் நடந்துவிட்டார். குனிந்து காலைப் பார்த்தார். அவர் அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது.

அம்மாவுக்கு வந்தது தசை கரைகிற வியாதி. முதலில் பாதம் தொங்கும், பிறகு முழங்கால், பிறகு கை, கடைசியில் தலையணையிலிருந்து தலையைத் தூக்கவும் ஆள் வேண்டும். வாத்து அப்போது அச்சகத்தில் நல்ல வேலையில் இருந்தார். வேலையை விட்டார். அம்மாவைப் புரட்டிப் படுக்கவைப்பது, குளிப்பாட்டுவது, பேச்சுக் கொடுப்பது என்று இளமை முழுவதும் அந்தக் கட்டிலைச் சுற்றியே போயிற்று. பெண் கொடுக்க வந்தவர்கள் கட்டிலைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பினார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன? தன் தலையில் தானே யார் மண்ணை வாரிப் போட்டுக்கொள்வார்கள்?

அம்மா போன பிறகு டாக்டர் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். இது ரத்தத்தோடு வருவது, பிள்ளைகளுக்கு வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி. வேண்டுமானால் ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். வெளியே வந்ததும் வாத்து தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் பாப்பா. தெரிஞ்சுக்கிட்டு என்ன பண்ணப்போறோம்? வர்றப்போ வரட்டும்."

அவளும் தலையாட்டினாள். அதோடு அந்தப் பேச்சை இரண்டு பேரும் எடுக்கவில்லை.

இப்போது வந்துவிட்டது. வேலை போய்விடுமே என்று அவர் பயந்ததாக நினைக்காதீர்கள். வேலை கிடக்கிறது கழுதை. தன் கால் இப்படி ஆகிவிட்டது என்று அவர் வாய் திறந்தால், அந்த நிமிடமே தங்கை குனிந்து தன் காலைப் பார்ப்பாள். அதற்குப் பிறகு அவள் நிம்மதியாக ஒரு படி ஏற மாட்டாள். ஒரு செருப்பு கழன்றால் போதும், அன்று தூக்கம் போய்விடும். அதுவும் இப்போது, அவளுக்கு ஒரு நல்லது நடக்கப்போகிற நேரத்தில். சைக்கிள் கடையில் வேன் ஓட்டுகிறவர் அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டிருந்தார். மனைவியை இழந்தவர், அதிர்ந்து பேசாதவர், தங்கமான மனிதர். "பாக்கலாம்" என்று இவள் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் முடிகிறவரைக்கும் எப்படியாவது ஓட்டிவிட வேண்டும் என்பதுதான் வாத்தின் கணக்கு.

எப்படி ஓட்டினார்? நாலில் வைத்து ஓட்டினார். மோட்டார் பிடரியைப் பிடித்துத் தள்ள, கால்கள் மிதிக்கிற மாதிரி நடித்தன. பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுமே? அதற்கும் வழி இருந்தது. சார்ஜ் போடுகிற அலமாரியின் ஓரத்தில் தினமும் ஒரு பேட்டரி முழுசாக ஏறிக் கேட்பாரற்று இருக்கும். அதை மழைக்கோட்டில் சுற்றிப் பக்கப் பையில் போட்டுக்கொள்வார். படகுத்துறையில் எல்லோரும் காபி குடிக்கும்போது கழிப்பறைக்குப் பின்னால் போய் மாற்றிக்கொள்வார். வழியில் எவருக்காவது தீர்ந்தால், ஓடுகிற பேட்டரியைக் கொடுத்துவிட்டு, அவர்கள் நகர்ந்ததும் பையில் இருப்பதை மாட்டிக்கொள்வார். கழிப்பறைக்குப் பின்னால் இவருக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற விஷயமா அது? பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடித்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கு அலமாரி ஓரம் காலியாக இருந்தது. காலையில் ஒரு பெரிய கூட்டம் வந்து, மிச்சம் வைத்திருந்த பேட்டரி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. வயிற்றுவலி என்று சொல்லி வாத்து வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. இரண்டில் வைத்து மெதுவாக ஓட்டினால் சமாளித்துவிடலாம் என்று நினைத்தார். விதி யாரை விட்டது!

மதியம் வந்தவர்கள் ஆறு பேர். ஒரு பல் டாக்டரம்மா, அவர் கணவர், கூட நாலு ஆசிரியர்கள். வானம் மூடிக்கொண்டு தூறல் போட்டது. ஏரி தண்ணீர் மாதிரியே இல்லை, ஈயத் தகடு மாதிரி கிடந்தது. வாத்து வழக்கம்போலக் கையைத் தூக்கிக் காட்டினார். நாணலுக்கு நடுவில் சிறகை விரித்துக் காயவைக்கிற நீர்க்காகம். ஆறு ஏரியில் வந்து சேருகிற இடத்தில் கலங்கலும் தெளிவும் கொஞ்ச தூரம் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவது. "மாமியாரும் மருமகளும் மாதிரி. ஒரே வீடுதான், ஆனா ஒட்டாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு மட்டும் முதுகு வியர்த்துக்கொண்டிருந்தது.

பல் டாக்டரம்மாவுக்கோ ஒரே குஷி. "ஐயோ, பறக்குதே!" என்று கத்திக்கொண்டு நாலிலேயே வந்தார்.

"கொஞ்சம் கொறச்சு வெச்சுக்கோ. பேட்டரி போயிடும்" என்றார் கணவர்.

"போனா போகுது. வீட்டுலதான் எதையும் வேகமா பண்ண விடமாட்டீங்க."

மேட்டுப்பாதையின் அடிவாரத்தில் போயே போய்விட்டது. டாக்டரம்மா சைக்கிளை நிறுத்திவிட்டு, தப்பு செய்த பிள்ளைபோல வாத்தைப் பார்த்தார். மூச்சு வாங்கியது. ஏற்கெனவே ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்று கணவர் மெதுவாகச் சொன்னார்.

வாத்து இறங்கித் தன் பேட்டரியின் பொத்தானை அமுக்கிப் பார்த்தார். இரண்டு விளக்கு எரிந்தது. ஓர் ஆளை மேட்டில் ஏற்ற அது போதும். ஒரே ஓர் ஆளை.

பின்னாலிருந்து தங்கை வேகமாக வந்தாள். வந்தவள் டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை, அண்ணனைத்தான் பார்த்தாள்.

"என்னோடத குடுக்கறேன். நீ கழட்டாத."

"கடைசி வண்டிக்கு மோட்டார் வேணும். எவனாவது விழுந்தா யாரு போறது? முன்வண்டிதான் குடுக்கணும், தெரியாதா உனக்கு?"

"இன்னிக்கு ஒரு நாள் மாத்திக்கலாம்ணா."

"ஏன், இன்னிக்கு எனக்கு என்ன வந்துச்சு?"

கேட்டது வீம்புக்குத்தான். கேட்ட பிறகு பின்வாங்க முடியுமா? நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆக வேண்டும். தன் பேட்டரியைக் கழற்றி டாக்டரம்மாவின் சைக்கிளில் மாட்டினார். "எல்லாரும் மேல போய் நில்லுங்க. இதோ வந்துடறேன்" என்று சிரித்த முகத்தோடு கையசைத்தார். ஆறு பேரும் ஏறிப் போய், வளைவில் மறைந்தார்கள். தங்கை மட்டும் நகரவில்லை. கடைசி வண்டிக்காரி யாரையும் தாண்டிப் போகக் கூடாது அல்லவா?

பேட்டரி இல்லாத பேட்டரி சைக்கிள் வெறும் இரும்புப் பாரம். வாத்து ஏறி உட்கார்ந்து மிதித்தார். வலது கால் இறங்கியது. இடது கால் பெடலில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை அழுத்தினார். சைக்கிள் அப்படியே சாய்ந்தது. பாதையோரப் புல்லில், சைக்கிளுக்கு அடியில் கிடந்தார். எழுந்திருக்கக் காலை மடக்கிப் பார்த்தார். கால் வரவில்லை.

தங்கை ஓடி வந்து சைக்கிளைத் தூக்கித் தள்ளி வைத்தாள்.

"செயின் கழண்டுடுச்சு" என்றார் வாத்து.

அவள் செயின் பக்கம் திரும்பவே இல்லை. ஈரப் புல்லில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய இடது பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அம்மாவின் பாதத்தை அவர் அப்படித்தான் வைத்துக்கொள்வார். அவ்வளவுதான், அவருக்குத் தெரிந்துவிட்டது.

"எப்பலேருந்து தெரியும்?"

"வருஷக்கணக்கா உன் காலைப் பின்னாலேருந்து பாத்துக்கிட்டே வரேன். எனக்குத் தெரியாதா? தினமும் அலமாரி ஓரத்துல ஒரு பேட்டரி சார்ஜ் ஏறி இருந்துச்சே, யாரு வெச்சான்னு நெனச்ச? பேய் வந்து வெச்சுதா?"

 தூறல் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"எனக்காக நான் பயப்படல பாப்பா" என்றார் கடைசியில். "எனக்குன்னா உனக்கும் இருக்குமோன்னு நீ நெனச்சுடுவியேன்னுதான் மறைச்சேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். திருடிவிட்டு அகப்பட்டவள் மாதிரி இருந்தது அவள் குரல்.

"எனக்கு இல்லண்ணா. நீ படியில விழுந்தியே, மறுநாளே போய் ரத்தம் குடுத்தேன். இல்லன்னு வந்துடுச்சு."

"என்னது?"

"எனக்கு இல்ல. வராது. எப்படிச் சொல்றது உன்கிட்ட? எனக்கு இல்லன்னு சொன்னா, ஏன் போய்ப் பாத்தேன்னு கேப்ப. உனக்கு இருக்குன்னு சொன்ன மாதிரி ஆயிடுமே."

வாத்து சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். சேற்றுக் கையோடு அவள் முகத்தைப் பிடித்து ஆட்டினார். "அடி பாவி! இத்தனை நாள் நெஞ்சுல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருந்தேனேடி!" என்றார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. இவ்வளவு சந்தோஷம் அவருக்கு அம்மா நடமாடிக்கொண்டிருந்த காலத்துக்குப் பிறகு வரவில்லை. "அப்புறம் என்ன? வேன்காரருக்கு இன்னிக்கே சரின்னு சொல்லிடு. இன்னும் என்ன பாக்கலாம் பாக்கலாம்னு?"

"அவருக்குப் போன மாசமே முடியாதுன்னு சொல்லிட்டேன்."

"ஏன்டி?"

தங்கை அவர் காலில் ஒட்டியிருந்த புல்லை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.

"அம்மாவை நீ பாத்துக்கிட்ட. உன்னை யாரு பாத்துக்கறது?"

வாத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. அவளுக்கு வியாதி வந்துவிடுமோ என்றுதான் அவர் இத்தனை நாள் பயந்தார். அது வராமலேயே அவள் வாழ்க்கையை எடுத்துக்கொண்டுவிட்டது. வாசலோடு திரும்பிப் போனவர்களின் முகங்கள் எல்லாம் அவர் கண்முன் வந்தன. ஏதாவது சொல்ல வேண்டும், திட்ட வேண்டும், காலில் விழுந்தாவது கேட்க வேண்டும். விழுவதற்குக்கூட இப்போது கால் ஒத்துழைக்காது.

மேலேயிருந்து டாக்டரம்மா கூப்பிடும் குரல் கேட்டது.

"போ பாப்பா. இருட்டறதுக்குள்ள கொண்டு சேரு. நீ முன்னால போ."

அவள் போனில் வேனை வரச்சொல்லிவிட்டு, தன் மழைக்கோட்டைக் கழற்றி அவர் தோளில் போட்டாள். சைக்கிளில் ஏறித் திரும்பிப் பார்க்காமல் மேட்டில் போனாள். அவள் கால்கள் நன்றாக மிதித்தன. வளைவு வரைக்கும் வாத்து அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேன் வந்தது. வேன்காரர் இறங்கினார். சைக்கிளைத் தூக்கிப் பின்னால் ஏற்றிக் கட்டினார். பிறகு வந்து வாத்தின் முன்னால் குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினார்.

"அண்ணே, என் கழுத்தைப் பிடிச்சுக்குங்க."

வாத்து பிடித்துக்கொண்டார். சவரம் செய்த சோப்பின் வாசனை அடித்தது. தோள் திடமாக இருந்தது. இந்த மனிதனிடம் சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது. மன்னித்துக்கொள் என்று சொல்ல வேண்டும். அவளிடம் இன்னொரு முறை கேட்டுப் பார் என்று சொல்ல வேண்டும். அவள் என்ன பதில் சொல்லுவாள் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

"மெதுவா" என்று மட்டும் சொன்னார்.

வேன்காரர் மெதுவாகத்தான் தூக்கினார்.